பதினோராம் எண் கூண்டு



நான் நாகப்பட்டினத்தில் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில், மாலை வேளைகளில் துறைமுகத்துப் பக்கம் உலாவச் செல்வது வழக்கம். அங்கே உயர்ந்த கொடிமரம் ஒன்று நின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழும்போதெல்லாம் அந்த மரத்தில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூண்டுகளை ஏற்றுவார்கள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் எரியும். கூண்டின் எண்ணைக் கேட்டறிந்து, வீட்டுக்கு ஓடிவந்து சொல்வது சிறுவர்களாகிய எங்களுக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் துறைமுக அலுவலகத்துச் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் எண்கள் 1 முதல் 11 வரை இருந்தன. தொலைவில் காற்று கலங்கியிருப்பதைக் குறிப்பது முதல் எண். கடும்புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கரையைக் கடக்கும் என்னும் பேரபாயத்தைக் குறிப்பது 10ஆம் எண். அப்படியானால் 11 எதற்கு? பேரபாயத்துக்கு மேலும் ஓர் அபாயம் உண்டோ? அங்கிருந்த முதியவரான எழுத்தரிடம் கேட்டேன்.

"தம்பி, 10ஆம் எண் வரையில் புயல் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். 11ஆம் எண்ணில் அதுவே தெரியாது. வானிலை நிலையத்தோடு நமக்கிருந்த தொடர்பு அறுந்துபோயிற்று என்று அர்த்தம்" என்றார் அவர்.

"தொடர்பு அறுந்தபின் கூண்டை ஏற்றச் சொல்பவர் யார், ஐயா?"

"யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே இருக்கிற அதிகாரியே வானத்தையும் கடலையும் பார்த்து, அபாயம் உண்டு என்று தம் மனத்துக்குப் பட்டால் ஏற்றவேண்டும்."

அந்த விடையின் முழுப்பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் வரலாறு பயின்று, அதனையே மாணவர்க்குப் பயிற்றியபோதுதான் சிறிது சிறிதாக விளங்கிற்று. இடர் வருமுன் அதனை அறிவது எங்ஙனம்? அறிந்ததைக் கொண்டு மக்களைக் காப்பது எங்ஙனம்? இன்று கணினியும் செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் நமக்காக இடரை முன்னறிந்து சொல்லுகின்றன. இந்நிலையில் 11ஆம் எண் இனித் தேவைதானா? வங்கக் கடலின் கதையைத் துணையாகக் கொண்டு இக்கேள்விகளை இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர் அங்கே வாழ்ந்தார். மரக்கலத் தலைவராகக் கடலில் உழன்றவர். பின்னர்க் கரையில் நிலைத்து, கடல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவரானார். அவரிடம் செயற்கைக்கோள் இல்லை. கணக்கிடும் பொறியும் இல்லை. இருந்தவை கப்பல்களின் நாட்குறிப்புகள் மட்டுமே. இன்ன நாழிகையில், கடலில் இன்ன இடத்தில், காற்று இன்ன திசையிலிருந்து வீசிற்று; காற்றழுத்தமானியில் பாதரசம் இவ்வளவு இறங்கிற்று என்று மாலுமிகள் எழுதிவைத்த குறிப்புகள் அவை. புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வரைபடத்தில் அவர் குறித்துப் பார்த்தார். புயல் நேராக வீசும் காற்று அன்று, சுருண்டு சுழலும் காற்று என்பது அதனால் தெளிவாயிற்று. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை அவர் ஆக்கினார். 1848ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் வழியாக அச்சொல் உலகெங்கும் பரவிற்று.

இன்று 'தரவு' என்று நாம் வழங்கும் பொருளின் பழைய வடிவமே அந்த நாட்குறிப்புகள். அவை தனித்தனியே கிடந்தபோது வெறும் குறிப்புகள். ஒருங்கு சேர்ந்தபோது அறிவாயின. ஆனால், அறிவு பிறந்தவுடன் பாதுகாப்பும் பிறந்துவிடுகிறதா?

கல்கத்தாவுக்குத் துணையாக மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்க அக்கால அரசினர் எண்ணினர். 1853ஆம் ஆண்டு பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு கடிதம் எழுதினார். புயல் வரும் நாளில் கடலே எழுந்து அந்த இடத்தை மூழ்கடிக்கும் என்று அதில் எச்சரித்தார். அவர் சொல் ஏறவில்லை. போர்ட் கேனிங் என்னும் துறைமுகம் எழுந்தது. 1867ஆம் ஆண்டு நவம்பரில் புயல் வந்தது. கடல் பொங்கித் துறைமுகத்தைப் பாழாக்கிற்று. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டுவிட்டனர். எச்சரித்த பிடிங்டன் அதைக் காண உயிரோடு இல்லை. அவர் 1858ஆம் ஆண்டே மறைந்தார். வங்கக் கடல் நமக்குக் கற்பித்த முதற்பாடம் இது: அறிந்தவன் ஒருவன், ஆணையிடுபவன் வேறொருவன்.

இதற்கிடையே 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிற்று. ஏறத்தாழ 60,000 மக்கள் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினக் கரையில் மற்றொரு புயல். அங்கே சுமார் 30,000 பேர் உயிரிழந்தனர். அதன்பின்னரே அரசு விழித்தது. 1865ஆம் ஆண்டு கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது. 1866, 1871ஆம் ஆண்டுகளில் பருவமழையும் பொய்த்தது. இவ்விடர்கள் எல்லாம் சேர்ந்து உந்த, 1875ஆம் ஆண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவர். 1898ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகங்கள் யாவற்றுக்கும் ஒரே சீரான புயற்குறிகள் வழக்குக்கு வந்தன. நான் நாகையில் கண்ட கூண்டுகள் அந்த மரபில் வந்தவையே.

இதற்கு உயிர்நாடியாக நின்றது தந்திக் கம்பி. புயல் நடக்கும் வேகத்தைவிடச் செய்தி விரைந்து ஓடினால்தான் எச்சரிக்கை என்பது ஒன்று உண்டு. கம்பி ஓடிய இடமெல்லாம் அறிவும் ஓடிற்று; கம்பி நின்ற இடத்தில் அறிவும் நின்றது. மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அக்கூண்டுகள் கப்பல்களுக்காக ஏற்றப்பட்டவை. துறைமுகத்தைக் காக்கும் எண்ணத்தில் பிறந்த மொழி அவை பேசின. கொடிமரம் கண்ணுக்குத் தெரியாத குப்பத்தில் வலை உலர்த்துகிறவனும், கழிமுகத் தீவில் நெல் விதைக்கிறவனும் அந்த மொழியின் கேட்போராகக் கருதப்படவில்லை. எவரைக் காக்க எண்ணுகிறோமோ அவரைச் சுற்றியே நம் அறிவும் வளர்கிறது. இந்த உண்மை தந்திக் காலத்துக்கு மட்டும் உரியதன்று.

இனி, ஒரு நூற்றாண்டைத் தாண்டுவோம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், டைரோஸ் என்னும் முதல் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிற்று. மனிதன் அன்றுவரை கப்பல் கப்பலாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட புயலை மேலிருந்தே காணும் கண் பெற்றான். இனிப் புயல் நம்மை ஏமாற்ற முடியாது என்று பலர் எண்ணினர்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்காளதேசத்தின் போலா தீவுப் பகுதியில் புயல் கரையைக் கடந்தது. உயர்ந்தெழுந்த கடல், தாழ்ந்த தீவுகளின் மீது புரண்டது. மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையில் மக்கள் இறந்தனர் என்று மதிப்பிடுகின்றனர். வரலாறு அறிந்த புயல்களுள் மனித உயிரை மிகுதியாகக் கொண்டது இதுவே. செயற்கைக்கோள் இப்புயலைக் காணத் தவறிற்றா? இல்லை, கண்டது. மக்களுக்குச் செய்தி எட்டவில்லையா? எட்டிற்று. அப்பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களில் புகலடைந்தோர் நூற்றுக்கு ஒருவரே என்றும் பின்னர் ஆராய்ந்தோர் கணித்தனர்.

மாணவ நண்பர்களே, இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள்! தொண்ணூறு பேர் அறிந்தனர். ஒருவரே காப்புப் பெற்றார். ஏன்? முந்திய மாதத்திலும் ஒரு புயல் எச்சரிக்கை வந்திருந்தது. அப்போது அஞ்சிய அளவு கேடு நேரவில்லை. இம்முறை வந்த எச்சரிக்கையோ, கடல் எவ்வளவு உயரம் எழும் என்பதை உள்ளத்தில் பதியுமாறு சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, போவதற்கு இடமில்லை. மண் வீட்டை விட்டு ஓடுகிறவன் எந்த மாடியில் ஏறுவான்? இறந்தோரை எண்ணி முடிக்கும் முன்பே, ஆட்சியாளரின் அலட்சியம் மக்கள் நெஞ்சில் தீயாய் மூண்டது. அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அச்சினம் வெளிப்பட்டது. 1971ஆம் ஆண்டு வங்காளதேசம் என்னும் தனி நாடு பிறந்தது. அப்பிறப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அந்தப் புயலும் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் ஒப்புவர்.

புதிய நாடு செய்த நல்ல காரியங்களுள் ஒன்றை இங்குச் சொல்லுதல் வேண்டும். செஞ்சிலுவை இயக்கத்தினரோடு கூடி, 1972ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றத் தொடங்கிற்று. தொண்டரிடம் இருந்தவை ஒரு வானொலிப் பெட்டி, கைக்கு அடக்கமான ஒலிபெருக்கி, கையால் சுழற்றும் சங்கு, சில கொடிகள். வானிலை நிலையம் சொல்லும் செய்தியை வீடு வீடாகச் சென்று, உறவுமுறை சொல்லி அழைத்து, முதியோரைக் கைபிடித்து நடத்திச் செல்வது அவர்கள் பணி. இன்று அத்தொண்டர்கள் சுமார் 76,000 பேர். அவர்களுள் பாதிப்பேர் பெண்கள்.

இதனாலும் உடனே வெற்றி வந்துவிடவில்லை. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் வந்த புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டனர். எச்சரித்தோர் இருந்தனர், ஒதுங்க இடம் போதவில்லை. அதன்பின் கான்கிரீட் தூண்களின்மேல் உயர்த்திய புகலிடங்கள் கரையெங்கும் எழுந்தன. 2007ஆம் ஆண்டு நவம்பரில் சிடர் என்னும் கடும்புயல் வந்தபோது இறந்தோர் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே. ஆயினும் 1970க்கும் 2007க்கும் இடையே உள்ள வேறுபாடு, விண்ணில் இருந்த கண்ணால் மட்டும் வந்ததன்று. மண்ணில் நடந்த கால்களாலும் வந்தது.

நம் நாட்டின் ஒடிசாவும் இதே பாடத்தைக் கற்றது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். தொலைபேசிகள் வாயடைத்துப் போயின, சாலைகள் மறைந்தன. எந்த ஊர் இருக்கிறது, எந்த ஊர் போயிற்று என்பதே தலைநகருக்குத் தெரியவில்லை. பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருந்த அன்பர்கள் சிலர் செய்தி கடத்தி உதவினர். ஒரு மாநிலம் முழுவதன் மீதும் 11ஆம் எண் கூண்டு ஏறிய நாள் என்று அதனைச் சொல்லலாம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், பைலின் புயல் கோபால்பூரில் கரையைக் கடந்தது. அதற்குள் சுமார் பத்து இலட்சம் மக்களை இடம்பெயர்த்துவிட்டனர். இறந்தோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை.

செய்தி செல்லும் வழி எங்கே அறுபடுகிறது என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. ஹவாய்த் தீவில் இருந்த பசிபிக் ஆழிப்பேரலை மையத்தின் கருவிகள் அந்த நடுக்கத்தைச் சில நிமிடங்களில் பதிந்தன. தமிழகக் கரையை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. ஆனால் இந்துமாக்கடல் நாடுகளின் கரையோர மக்களுக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு ஒன்றும் அந்நாளில் இல்லை. நான் விளையாடித் திரிந்த நாகைக் கரையில் அன்று நேர்ந்ததை விரித்துரைக்க என்னால் இயலாது, நீங்களும் அறிவீர்கள்.

அதே காலையில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நிகழ்ந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அமைந்த ஓர் அறிவு மையம் இருந்தது. கணினியில் வரும் அலை உயரச் செய்தியை நாள்தோறும் ஒலிபெருக்கியில் படித்துச் சொல்வது அதன் வழக்கம். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கடல் எழுகிறது, ஓடுங்கள் என்றார். ஒலிபெருக்கி முழங்கிற்று. ஊரார் பெரும்பாலும் உயிர் தப்பினர். படகுகள் போயின, மக்கள் பிழைத்தனர். நாள்தோறும் உண்மை சொல்லிப் பழகிய குரலாக இருந்ததனால் அன்றைய சொல்லையும் அவர்கள் நம்பினர். பின்னர் 2007ஆம் ஆண்டு அக்டோபரில், ஆழிப்பேரலைகளை முன்னறிவிக்கும் தேசிய மையம் ஐதராபாத்தில் இயங்கத் தொடங்கியது.

மற்றொரு சான்று மியான்மரிலிருந்து. 2008ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நர்கிஸ் புயல் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் புகுந்தது. புயல் எங்கே, எவ்வளவு வலிமையுடன் கரையேறும் என்பதை 48 மணி நேரம் முன்னரே மியான்மர் அரசுக்குத் தெரிவித்ததாக இந்திய வானிலை ஆய்வுத் துறை கூறிற்று. அன்று ஆண்ட படைத்துறை ஆட்சி மக்களை அகற்றப் போதிய முயற்சி செய்யவில்லை. புயலுக்குப் பின்னும் அயல்நாட்டு உதவியாளரை உடனே உள்ளே விட மறுத்தது. இறந்தோரும் காணாமற் போனோரும் சுமார் 1,38,000 பேர். இங்கே கம்பி அறுந்தது புயலினால் அன்று.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு இக்கதையில் எந்த இடத்தில் நிற்கிறது?

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருங்கணினிகள் வானிலையைக் கணித்து வருகின்றன. காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இயற்பியல் விதிகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கோடி கோடியாகக் கணக்கிட்டு நாளைய நிலையை அவை சொல்லும். செயற்கை நுண்ணறிவின் வழி வேறு. அது விதிகளைக் கணக்கிடுவதில்லை. சென்ற காலத்தைப் படித்து, இப்படி இருந்தபோது பின்னர் இப்படி ஆயிற்று என்னும் பழக்கத்தை உள்வாங்கிக்கொள்கிறது. 2023ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தார் அறிவித்த கிராஃப்காஸ்ட் என்னும் அமைப்பு 39 ஆண்டுகளின் உலக வானிலைப் பதிவுகளைப் பயின்றது. அடுத்த 10 நாள்களின் நிலையை ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் அது கணிக்கிறது. அவ்வாண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் எழுந்த லீ என்னும் புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்பதை ஒன்பது நாள்களுக்கு முன்பே அது காட்டிற்று. ஐரோப்பிய நாடுகள் இங்கிலாந்தில் நடத்தும் வானிலை மையமும் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இத்தகைய கணிப்பைத் தன் அன்றாடப் பணியில் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு பாட்னாப் பகுதியில் ஆற்று வெள்ளத்தை இம்முறையால் முன்னறிவிக்கும் முயற்சி தொடங்கிற்று. இவை பெரிய ஆக்கங்கள், ஐயமில்லை. ஒன்பது நாள் என்பது எத்தனை தாய்மார்களுக்கு எத்தனை பெரிய கால அளவு!

ஆயினும் இந்த நுண்ணறிவின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே யார் நிற்கிறார்? பிடிங்டன் நிற்கிறார். அவர் கையில் இருந்த கப்பல் நாட்குறிப்புகளே பெருகிப் பெருகி, செயற்கைக்கோள் படங்களாகவும் மிதவைகளின் அளவுகளாகவும் விரிந்து, இப்பொறிக்கு உணவாகின்றன. எழுதிவைத்ததையே அது பயிலும். எழுதாததை அது அறியாது. இதனால் இரண்டு குறைகள் நேர்கின்றன. மிகக் கொடிய புயல்கள் அரிதாகவே வருகின்றன. ஆகவே அவற்றைப் பற்றிய பாடமும் குறைவு. புயல் செல்லும் வழியை நன்கு சொல்லும் இவ்வமைப்புகள், அதன் உச்ச வலிமையைக் குறைத்துச் சொல்வதை அறிஞர்கள் கண்டிருக்கின்றனர். இரண்டாவது, அளக்கும் கருவி இல்லாத இடமும் எண்ணப்படாத மனிதரும் பொறியின் கண்ணுக்குப் படுவதில்லை.

எண்ணப்படாத மனிதர் யார் என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், ஒக்கி என்னும் புயல் கன்னியாகுமரிக்கு அருகே விரைந்து வலுப்பெற்றது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் குமரி மாவட்டத்து மீனவரும் கேரளத்து மீனவரும் முன்னரே கடலில் இருந்தனர். கரையில் ஏறிய கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. கைப்பேசியின் அலையும் அவ்வளவு தொலைவு செல்லாது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். இன்ன படகு இன்ன இடத்தில் இருக்கிறது என்னும் கணக்கு எவரிடமும் முழுமையாக இல்லை. எத்தனை பேர் கடலில் இருக்கின்றனர் என்பதைக் கரையில் கண்ணீரோடு நின்ற பெண்களிடம் கேட்டே அறிய வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவியை மைய அரசு மீனவர்க்கென அறிமுகப்படுத்திற்று. நல்ல முயற்சி. ஆயினும் அக்கருவியால் செய்தியைக் கேட்கலாமேயன்றி, 'நான் இங்கே தவிக்கிறேன்' என்று திருப்பிச் சொல்ல இயலாது.

அப்படியானால் எல்லோரையும் எண்ணிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? இங்கே நாம் சற்று நிதானித்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, கைப்பேசிகள் இடம் மாறியதைக் கணக்கிட்டு, ஏறத்தாழ 6,30,000 மக்கள் தலைநகரை விட்டு எந்தெந்தப் பகுதிக்குச் சென்றனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். பெயர்களை நீக்கி, தொகையை மட்டும் கொண்டு செய்த அக்கணக்கு, உணவும் மருந்தும் எங்கே தேவை என்பதைக் காட்ட வல்லது. ஆனால் வெள்ளத்தில் என்னைத் தேடிக் காண வல்ல கண், வெள்ளம் வடிந்தபின்னும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வல்லது. நர்கிஸ் புயலின்போது மக்களைக் கைவிட்டதைப் போன்ற ஓர் ஆட்சியின் கையில் அக்கண் அகப்பட்டால், காப்பதற்கென்று எழுதிய பட்டியலே வேட்டையாடுவதற்கும் பயன்படலாம் அன்றோ? ஆகவே எந்தத் தரவைத் திரட்டலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எவர் பார்க்கலாம் என்பவற்றைப் புயல் இல்லாத நாளிலேயே சட்டத்தால் வரையறுத்துவிடுதல் வேண்டும். இடர் வந்த இரவில் அவற்றை எண்ணிப் பார்க்க எவருக்கும் ஓய்வு இராது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். நுண்ணறிவுப் பொறிகள் நிறைந்த இக்காலத்தில் 11ஆம் எண் தேவைதானா?

அந்த அட்டவணையை வகுத்தவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியா. ஆனால் அவர்கள் அறிவின் எல்லையை அறிந்தவர்கள். முதல் பத்துக் குறிகளையும் வானிலை நிலையத்தின் அறிவுக்கு விட்டனர். அந்த அறிவு வந்து சேராத நாளும் ஒன்று உண்டு என்பதை முன்னுணர்ந்து, பதினொன்றாவதைக் கரையில் நிற்கும் மனிதனின் பொறுப்புக்கு விட்டனர். செய்தி வரவில்லை, ஆகவே அபாயமில்லை என்று அவன் கையைக் கட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. மௌனத்தையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பது அவ்விதியின் உட்பொருள்.

கம்பி எவ்வளவு திறமையானதோ, அவ்வளவுக்கு நாம் அதனைச் சார்ந்துவிடுகிறோம். நாளைய அதிகாரி ஒருவர் திரையைப் பார்க்கிறார். அது அபாயமில்லை என்கிறது. சன்னலுக்கு வெளியே கடல் நிறம் மாறுகிறது; முதிய மீனவர் ஒருவர் வந்து, 'ஐயா, நீரோட்டம் சரியில்லை' என்கிறார். அதிகாரி எதை நம்புவார்? மக்களை அகற்றச் சொல்லிப் புயல் வராவிட்டால் ஏளனம் வரும். அடுத்த முறை மக்கள் அசையமாட்டார்கள் என்பதையும் போலாவில் கண்டோம். அகற்றாமல் புயல் வந்துவிட்டால் பிணம் விழும். இத்தகைய வேளையில் 'பொறி சொல்லிற்று, நான் செய்தேன்' என்று சொல்லி ஒதுங்குவது எளிது. அந்த எளிமையே நான் அஞ்சும் ஆபத்து. பொறி கணிக்கலாம், அதன் கணிப்புக்காக எவர் முன்னும் நின்று விடை சொல்லக் கடமைப்பட்டவன் மனிதன் ஒருவனே. அவனிடமிருந்து அப்பொறுப்பை வாங்கிப் பொறியிடம் கொடுத்துவிட்டால், கம்பி அறுந்த நாளில் கூண்டை ஏற்ற ஆள் இருக்கமாட்டான்.

கல்லூரிகளில் கணினி பயிலும் இளைஞர்களே, நீங்கள் இன்னும் சிறந்த நுண்ணறிவுகளை ஆக்குவீர்கள், ஆக்கவும் வேண்டும். ஆக்கும்போது மூன்றைக் கேளுங்கள். இப்பொறி படித்த பாடத்தில் எவருடைய கடற்கரை விடுபட்டிருக்கிறது? இது சொல்லும் சொல், கடைசி வீட்டில் இருப்பவளுக்கு அவள் நம்பும் குரலில் போய்ச் சேருமா? இது வாய்மூடும் நாளில் யார், எந்த அதிகாரத்தோடு முடிவு செய்வார்? வரலாறு பயிலும் மாணவர்களே, நீங்கள் பழைய அட்டவணைகளைப் படியுங்கள். சுவரில் மஞ்சளேறிக் கிடக்கும் தாளிலும், துன்பத்தில் கற்ற அறிவு எழுதியிருக்கும்.

சென்ற ஐப்பசியில் நான் மறுபடியும் நாகைக்குச் சென்றிருந்தேன். கடற்கரையில் சிறுவன் ஒருவன் கைப்பேசியில் புயலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்ண வண்ணமாகச் சுழன்றது அது. "இப்போது எத்தனையாம் எண் கூண்டு, தம்பி?" என்று கேட்டேன். "மூன்று, தாத்தா" என்றான். "11ஆம் எண் என்றால் என்ன தெரியுமா?" என்றேன். அவன் தெரியாது என்று தலையசைத்தான். அவன் பக்கத்தில் மணலில் அமர்ந்து, முதியவர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.